பந்தியில் இருக்க முன்னம்: யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டு மரியாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலியாண மண்டபம், கோயில் அன்னதானம், செத்தவீடு, சம்பந்தி வீடு, புதிதாகத் திறந்த ஹோட்டல் என்று யாழ்ப்பாணத்தில் ஒரே ஆள் ஒரே மாதத்துக்குள் இத்தனை இடத்திலும் சாப்பிட நேரும். இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். ஊரிலேயே இருப்பவர்களும், விடுமுறைக்கு வந்து நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. வழக்கத்தை வழக்கமென்று சொல்லியிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லாத இடத்தில் அதையும் மறைக்கவில்லை.

இதற்கெல்லாம் யாராவது எழுதி வைத்த விதி இருக்கிறதா?

இருக்கிறது. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவவினாவிடையில் சாப்பிடும் இடம், பாத்திரம், முறை எல்லாவற்றையும் கேள்வியும் விடையுமாகவே எழுதி வைத்தார். சாப்பிட உகந்த இலைகளென்று அவர் சொல்பவற்றில் வாழையிலையும் பலாவிலையும் இருக்கின்றன. ஆனால் அது சமய ஆசாரம். பந்தியில் பக்கத்தில் இருப்பவரோடு எப்படி நடப்பது என்பதைப் பெரும்பாலும் அம்மம்மாமாரின் முறைப்பைப் பார்த்துத்தான் படித்தோம்.

கலியாண வீட்டில் எந்தப் பந்தியில் இருக்கலாம்?

முதற் பந்தி மாப்பிளை பகுதிக்கும் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் உரியது. பெண் வீட்டுக்கு நெருங்கிய சொந்தமென்றால் நீங்கள் பின்னுக்குத்தான் இருக்கவேண்டும், அதுவரை நாலு பேருக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கலாம். அயலவர், கூடப் படித்தவர், வேலையிடத்து ஆட்கள் என்றால் யாராவது வந்து "எழும்புங்கோ, சாப்பிடுவம்" என்று கூப்பிடும்வரை ஆறுதலாக இருங்கள். கட்டாயம் கூப்பிடுவார்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் கதிரைக்குப் பின்னால் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு இடத்துக்குக் காவல் நிற்பது. இப்போது மண்டபங்களில் இது சர்வசாதாரணமாகிவிட்டது. கதிரையில் இருக்கும் மனுசன் பாயாசத்தை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார். பின்னால் ஒரு குடும்பமே கைக்குழந்தையோடு நிற்கிறது. அந்தப் பாயாசம் எப்படித் தொண்டையால் இறங்கும்?

இலையை எப்படிப் போடுவது? எது எங்கே வரும்?

நுனி சாப்பிடுகிறவரின் இடதுகைப் பக்கம், அகன்ற பக்கம் வலதுகைப் பக்கம். கறிகளும் ஊறுகாயும் மேல் பாதியில், சோறு கீழ்ப் பாதியில். இலை வந்ததும் கொஞ்சம் தண்ணி தெளித்துக் கையால் துடைத்துவிடுங்கள். துடைத்த தண்ணி பக்கத்து ஆளின் வேட்டியில் போய் விழக்கூடாது. நரம்புப் பக்கம் கிழிந்திருந்தால் பரிமாறத் தொடங்க முன்னமே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பருப்பும் நெய்யும் விழுந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

சோறு விழுந்தவுடன் தொடங்கலாமா?

இல்லை. பந்தி முழுவதற்கும் சோறும் முதற் கறியும் வந்து சேரட்டும். உங்கள் வரிசையில் வயதானவர் யாராவது இருந்தால் அவர் கை வைத்த பிறகு நீங்கள் வையுங்கள். முடிக்கும்போதும் இப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் இன்னும் மோர்ச்சோற்றில் நிற்கும்போது நீங்கள் எழும்பிப் போனால் அவர் அவசரப்படுவார். அவசரமென்றால் "எழும்பட்டே ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

"காணும், காணும்" என்று சொன்னாலும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?

யாழ்ப்பாணத்து விருந்தில் முதலாவது "வேண்டாம்" மரியாதைக்காகச் சொல்லப்படுவது. இரண்டாவதும் அப்படியே என்றுதான் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். மூன்றாவதைத்தான் யோசிப்பார். அதனால் உண்மையிலேயே காணுமென்றால், முதல் தடவையே இரண்டு கையையும் இலைக்கு மேலே குடையாகப் பிடித்து, அவர் முகத்தைப் பார்த்து, "நல்லாச் சாப்பிட்டன் மாமி, இனி இடமில்லை" என்று சொல்லுங்கள். அதில் "நல்லாச் சாப்பிட்டன்" என்ற பகுதி முக்கியம். வெறும் "வேண்டாம்" என்றால் கறி பிடிக்கவில்லை என்று அன்றிரவு முழுக்கக் குசினியில் கதை நடக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. எப்படியும் இரண்டாந்தரம் போடுவார்கள் என்று தெரிந்தால் முதற் தரம் குறைவாக வாங்குங்கள். முதலிலேயே குவிய வாங்கிவிட்டுப் பிறகு மூச்சுவாங்குவது விருந்துக்குப் புதியவர்களின் வழி. அத்தோடு, வெறும் இலை இன்னும் பசிக்கிறது என்ற சைகை. சாப்பாடு முடிகிற நேரத்தில் ஒரு வாய் சோற்றை இலையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டால் அகப்பை உங்களைத் தாண்டிப் போகும்.

வீட்டுக்காரருக்கும் ஒன்று. சீனி வருத்தக்காரருக்குப் பாயாசத்தை வற்புறுத்தி ஊற்றுவதில் என்ன உபசாரம் இருக்கிறது? மூன்று தரம் கேட்கலாம், கேட்காமல் ஊற்றக்கூடாது.

நான் பரிமாறுகிற பக்கம். எனக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும்?

சாப்பாட்டு மரியாதை என்றால் சாப்பிடுகிறவரின் பழக்கம் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பரிமாறுகிறவரின் கையில்தான் இருக்கிறது.

வலது கையால் போடுங்கள். அகப்பை இலையில் முட்டக்கூடாது. முட்டினால் அது எச்சில் அகப்பை, அடுத்தவருக்குப் போடமுடியாது. சொதியும் ரசமும் உயரத்திலிருந்து ஊற்றினால் சட்டையில் தெறிக்கும், குனிந்து ஊற்றுங்கள். சோற்றில் ஒரு சின்னக் குழி செய்யும்வரை பொறுத்து நில்லுங்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் மண்டபங்களின் வியாதி. கத்தரிக்காய்க் குழம்பு வருகிறது என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் பந்தியின் அந்தலைக்குப் போய்விடுகிறார்.

வரிசையின் கடைசியில் இருக்கிறவரைக் கவனியுங்கள். வடையும் அப்பளமும் எப்போதும் அங்கேதான் முடியும். கேட்க வெட்கப்படுகிறவர், தனியே வந்தவர், சின்னப் பிள்ளை, இந்த மூன்று பேரையும் பார்த்துப் போடத் தெரிந்தவர்தான் நல்ல பரிமாறுகிறவர். நடுவில் இருந்து சத்தம் போட்டுக் கேட்கிறவருக்கு எப்படியும் கிடைத்துவிடும்.

இப்போது கேட்டரிங் ஆட்கள் வந்து பரிமாறுகிறார்கள். சுத்தமாகச் செய்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் வீட்டு ஆள் ஒருவர் வெறுங்கையோடாவது பந்தியைச் சுற்றி வந்து "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லவேண்டும். வீட்டுக்காரர் மேடையில் படம் எடுத்துக்கொண்டே நின்றால் வந்தவருக்கு அது கடையில் சாப்பிட்ட மாதிரித்தான்.

கையால் சாப்பிடுவதற்கும் முறை உண்டோ?

உண்டு. விரல்களின் இரண்டாம் கணுவுக்கு மேலே சோறு போகக்கூடாது. உள்ளங்கை சுத்தமாக இருக்கவேண்டும். பெருவிரலால் தள்ளிக் கவளத்தை வாய்க்குள் விடவேண்டும், விரல்கள் வாய்க்குள் போகத் தேவையில்லை. எல்லாக் கறியையும் ஒன்றாகப் பிசைந்து குழைப்பது வீட்டில் பழஞ்சோற்றுக்கு அழகு. அம்மா குழைத்து உருட்டி ஆளுக்கொரு கவளமாகக் கையில் வைக்கும்போது யாரும் முறை பார்ப்பதில்லை. பந்தியில் அந்தந்தக் கறியைக் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுங்கள்.

தண்ணி குடிப்பதற்கு இடது கையால் கிளாசை எடுத்து, வலது புறங்கையை அடியில் லேசாகக் கொடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மேசையில் வைத்திருக்கும் கறியை எடுக்கும்போதும் இப்படியே. எச்சிற்கையால் கறிக்கரண்டியைத் தொடக்கூடாது. பொதுச் செம்பில் குடிப்பதென்றால் அண்ணாந்து குடியுங்கள், வாய் படக்கூடாது. மூக்குப்பேணி (ஊற்றிக் குடிக்க மூக்கு வைத்த பேணி) இருக்கும் வீடு இன்னும் இருந்தால் அதன் மூக்கு இருப்பது அதற்குத்தான்.

கனடாவில் பிறந்த பிள்ளை கரண்டி கேட்கிறது. வெட்கமாக இருக்கிறது.

கரண்டி கொடுங்கள். பிள்ளையை வைத்துப் பகிடி பண்ணுகிற பெரியப்பாவைத்தான் திருத்தவேண்டும்.

சாப்பிட்ட கோப்பைக்குள்ளேயே கை கழுவலாமா? ஏப்பம் விடலாமா?

பழைய ஆட்கள் சிலர் இரண்டும் செய்வார்கள், அவர்களுக்கு இனிச் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் எழும்பிப்போய்க் கழுவுங்கள். ஏப்பம் வந்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். பல்லுக்குத்துவதை வெளியே போய்ச் செய்யலாம்.

மீன்முள், நண்டுக் கோது, கூழ், இவற்றை நாகரிகமாகச் சாப்பிட முடியுமா?

முள்ளை விரலால் எடுத்து இலையின் ஓரத்தில், உங்கள் பக்கமாக, ஒரே இடத்தில் சேருங்கள். துப்பக்கூடாது, மேசையில் வைக்கக்கூடாது. நண்டுக்காலைக் கடித்து உடைக்கலாம், சத்தம் வரத்தான் செய்யும். சேர்ட்டில் தெறிக்காமல் மற்றக் கையால் மறைத்துக்கொண்டால் சரி. நண்டு சமைத்த வீட்டுக்கு வெள்ளைச் சட்டையோடு போகிறவருக்காக யாரும் பொறுப்பேற்க முடியாது.

கூழ் தனி உலகம். ஒடியல்மா, மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, பழப்புளி, செத்தல்மிளகாய் எல்லாம் ஒரு பானையில் கொதித்து இறங்கும்போது அயலே மணக்கும். முற்றத்தில் வட்டமாக இருந்து, பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திப் பிடித்துக் குடிப்பார்கள். இங்கே உறிஞ்சும் சத்தம் குற்றமில்லை. மூக்கு வடிவதும் குற்றமில்லை, லேஞ்சி ஒன்று கொண்டுபோங்கள். குற்றம் எதுவென்றால், அகப்பை உங்களிடம் வந்தபோது அடியில் கிடக்கும் இறாலையும் நண்டையும் துழாவி எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணிக் கூழை விடுவது. அடிவரை ஒருதரம் கலக்கி, வந்ததை ஊற்றிக்கொண்டு அகப்பையைக் கைமாற்றுங்கள். ஒரு மனுசரை அறியப் பெண் பார்க்கும் படலம் தேவையில்லை, கூழ்ப்பானைக்குப் பக்கத்தில் இருத்திப் பார்த்தால் போதும்.

கறியில் உப்பில்லை. சொல்லலாமா?

உங்கள் வீட்டிலென்றால் சொல்லுங்கள். விருந்தென்றால் இலையில் வைத்த ஊறுகாயை உதவிக்கு எடுங்கள். பரிமாறுகிறவரிடம் மெல்ல உப்புக் கேட்கலாம், சமைத்தவர் காதில் விழக்கூடாது.

சைவமா மச்சமா என்று எப்படிக் கேட்பது?

மச்சமென்றால் மீனும் இறைச்சியும். நேரே கேளுங்கள், இதில் வெட்கமில்லை. கூப்பிடுகிறவர் "நீங்கள் மச்சம் சாப்பிடுவியளோ?" என்று முன்கூட்டியே கேட்கவேண்டும். போகிறவர் தான் விரதமென்றால் முதல்நாளே சொல்லவேண்டும். வாசலில் வந்து நின்று "இண்டைக்கு நான் சைவம்" என்றால், காலையிலிருந்து கணவாய் கழுவிய அந்த மனுசியின் முகத்தை நீங்கள்தான் பார்க்கவேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மச்சம் இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாளும் அந்த வட்டாரத்தில் பெரும்பாலும் சைவம்தான். கந்தசஷ்டி ஆறு நாளும் அப்படியே. இந்த நாட்களில் மீன் பார்சலோடு ஒரு வீட்டுக்குள் போகாதீர்கள். சைவச் சட்டி, மச்சச் சட்டி என்று பிரித்து வைத்திருக்கும் குசினிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. உதவி செய்கிறேன் என்று உள்ளே போனால் எந்தச் சட்டியைத் தொடலாம் என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

செத்தவீட்டில் சாப்பிடலாமா?

பிரேதம் வீட்டில் இருக்கும்வரை அங்கே அடுப்பு எரியாது. அயலில் யாராவது தேத்தண்ணி வைத்துக் கொண்டுவருவார்கள். துடக்கு (தீட்டு) என்று தண்ணியும் குடிக்காமல் போகிறவர்கள் பலர், யாரையும் வற்புறுத்தக்கூடாது. எடுத்த பிறகு சொந்தக்காரரும் அயலாரும் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்போது உங்கள் வேலை அந்த வீட்டு ஆட்களைப் பக்கத்தில் இருந்து இரண்டு வாய் சாப்பிடவைப்பது.

இறந்தவருக்கான சடங்குகளான எட்டுச் செலவுக்கும் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் சாப்பாடு உண்டு. கூப்பிட்டால் போய்ச் சாப்பிடவேண்டும், அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் "நல்ல சாப்பாடு" என்று புகழ்வதில்லை. போகும்போது "போட்டு வாறன்" என்றும் சொல்வதில்லை, பேசாமல் எழும்பி வந்துவிடுவார்கள்.

கிறிஸ்தவ வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் போனால்?

கிறிஸ்தவ வீட்டில் சாப்பிட முன் செபம் சொல்வார்கள். முடியும்வரை கையை மடியில் வைத்திருங்கள். நீங்களும் சொல்லவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சோனகதெருப் பக்கம் கலியாணத்துக்குக் கூப்பிட்டால் சஹன் சாப்பாடு கிடைக்கக்கூடும். பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும், அதைச் சுற்றி ஐந்தாறு பேர். உங்களுக்கு முன்னால் இருக்கும் பங்கிலிருந்து மட்டும் வலது கையால் எடுக்கவேண்டும். எதிர்ப்பக்கத்துக்குக் கையை நீட்டி நல்ல துண்டைப் பிடிக்கக்கூடாது. மூத்தவர் பெரும்பாலும் இறைச்சியைப் பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளிவிடுவார். ஒரே தட்டில் சாப்பிட மனம் ஒப்பாவிட்டால் மெல்லச் சொன்னால் தனிக் கோப்பை தருவார்கள்.

கோயில் அன்னதானத்தில் என்ன மரியாதை?

தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்றே சொல்வார்கள். அங்கே தொழிலதிபரும் தேர் இழுக்க வந்தவரும் ஒரே வரிசையில்தான். வரிசையை முந்தாதீர்கள். தெரிந்தவர் பரிமாறுகிறார் என்பதற்காக இரண்டு பங்கு கேட்காதீர்கள். பிடித்த கறியை மட்டும் தேடாதீர்கள், வாங்கியதை மிச்சம் விடாதீர்கள். இலையை நீங்களே எடுத்துப் போடுங்கள்.

முந்திய காலத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்தார்களா?

இல்லை. இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டு மரியாதை பற்றி எழுதினால் அது பொய். சாதியைப் பார்த்து முற்றத்தில் இருத்திச் சோறு போட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் சிரட்டையிலும் பேணியிலும் கொடுத்தார்கள், உள்ளே வாங்கில் இருக்க விடவில்லை. அதையும் "முறை" என்றுதான் சொன்னார்கள்.

அதை உடைத்ததற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன அமைப்பு, சாதி பாராமல் ஒன்றாக இருந்து சாப்பிடுவதைத் தன் மாநாட்டிலேயே செய்து காட்டியது. பள்ளிக்கூடங்களில் சம ஆசனத்துக்காகவும் குரல் கொடுத்தது. 1957இல் சாதியைக் காரணம் காட்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் ஆட்களைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் கதவு திறக்கவில்லை. 1960களில் கடைக்குள் போய் இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பதற்காக ஆட்கள் போராடவேண்டி இருந்தது; அடி வாங்கினார்கள். 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனது.

இன்றும் சில வீடுகளில் வேலைக்கு வந்தவருக்கு வேறு கோப்பை, வேறு கிளாஸ் எடுத்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல் இருப்பது மரியாதைக்குறைவே இல்லை. மரியாதைக்குறைவு என்று எதையாவது சொல்வதென்றால் அந்த வேறு கிளாசைத்தான் சொல்வேன். மதிலுக்கு மேசன் வேலைக்கு வருகிறவரை மத்தியானம் உங்கள் மேசையில் கூப்பிட்டு இருத்துங்கள், அதே கோப்பையில் போடுங்கள்.

வீட்டுப் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடவேண்டுமா?

வழக்கம் அப்படித்தான் இருந்தது, அடிச்சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டார்கள். மாற்றுவது கஷ்டமில்லை. கறிகளை மேசையில் வைத்துவிட்டு எல்லாரும் ஒன்றாக இருங்கள், வேண்டியதை எடுத்துப் போடுங்கள். ஆண்கள் முதலில் சாப்பிட்டே ஆகவேண்டிய வீடென்றால், மீன் நடுத்துண்டில் இரண்டைத் தனியே எடுத்து மூடி வையுங்கள்.

ஹோட்டலில் மேசை நிறையக் கத்தியும் கரண்டியும். எதை எடுப்பது?

வெளிப்பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். முள்ளுக்கரண்டி இடது கை, கத்தி வலது கை. சோறென்றால் வலது கையில் கரண்டியும் இடது கையில் முள்ளும் பிடிப்பது இலங்கையில் எங்கும் செல்லும். இடதுபக்கப் பாண் தட்டும் வலதுபக்கக் கிளாசும் உங்களுடையவை. துவாயை மடியில் விரியுங்கள். முடிந்ததும் கத்தியையும் முள்ளையும் சேர்த்துக் கோப்பையில் நேராக வைத்தால் எடுத்துப் போகலாம் என்று அர்த்தம். சோறும் கறியும் கையால் சாப்பிட விரும்பினால் சாப்பிடுங்கள், எந்த ஹோட்டலிலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பஃபேயில் மலைபோலக் குவிக்காதீர்கள். இரண்டாந்தரம் போகலாம், அதற்குத்தான் காசு.

கடையில்?

தேத்தண்ணிக் கடையில் கேட்காமலே வடை, றோல்ஸ், பற்றீஸ் தட்டு ஒன்று முன்னால் வரும். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. ஆகவே அமுக்கிப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள், தொட்டது உங்களுடையது. மலாயன் கஃபே போல வாழையிலையில் போடும் பழைய சைவக் கடைகளில் சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்து நீங்களே கொண்டுபோய்ப் போடவேண்டும். காசு கொடுப்பது கூப்பிட்டவர். இழுபறிப்படுவதென்றால் ஒருதரம் இழுபறிப்படுங்கள், காசாளருக்கும் வேலை இருக்கிறது.

இலையை எந்தப் பக்கம் மடிப்பது?

நல்ல காரியத்தில் மேல் பாதியை உங்கள் பக்கமாக மடிப்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அந்தியேட்டி போன்றவற்றில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். குழப்பமென்றால் வரிசையில் மூத்தவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஃபோன்?

பைக்குள்.

சாப்பாடு கட்டித் தருகிறார்கள். வாங்கலாமா?

வாங்குங்கள், மறுத்தால்தான் பிழை. விருந்துக்குப் போகும்போது கைவீசிக்கொண்டு போகவும் கூடாது. இதரைப்பழச் சீப்பு ஒன்றோ பிஸ்கட் பெட்டியோ போதும். அவர்கள் தந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுப்பதில்லை. வளவில் காய்த்த நாலு தேசிக்காயோ முருங்கைக்காயோ போட்டுக் கொடுங்கள். ஒரு கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள், அந்த மூடி இல்லாமல் அவர்கள் குசினியில் வேலை நடக்காது.